கள், சாராயம், வார்னிஷ், குவார்ட்டர்

தமிழ்நாட்டின் பழைய மது மரத்திலிருந்து இறங்கியது. பனை, தென்னை ஆகியவற்றின் பாளையையும் ஈச்சையின் தண்டையும் சீவினால் வடிகிற சாறு இனிப்பானது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே இறங்கும். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஈஸ்ட்டும் பிற நுண்ணுயிர்களும் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். மரத்தை விட்டு இறங்குவதற்குள்ளாகவே சாறு பாதி கள்ளாகியிருக்கும். புளித்த கள்ளில் பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை ஆல்கஹால் இருக்கும். அதற்கு மேல் ஏறுவது அரிது. இரண்டு நாள் கழிந்தால் அது காடியாகிவிடும், குடிக்க முடியாது.

கள்ளின் இந்தக் கெட்டுப்போகும் குணம்தான் பல நூற்றாண்டுகளாகக் குடிக்கு ஓர் எல்லை போட்டுவைத்திருந்தது. கள்ளைத் தொலைதூரம் கொண்டுபோக முடியாது, சேர்த்துவைக்க முடியாது. பனங்கள் என்றால் பருவம் முடிந்ததும் வரத்து நின்றுவிடும். சங்கப் பாடல்களில் கள், நறவு, தேறல், நெல்லில் சமைத்த தோப்பி எனப் பல மதுக்கள் வருகின்றன. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலும் உண்டு. குடிப்பது அங்கே விருந்தின் பகுதி, இழுக்கு அல்ல. சில நூற்றாண்டுகள் கழித்துத் திருக்குறள் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியது. குடித்தவரைக் கண்டித்த பழைய நூல்கள் பெரும்பாலும் அவர் இழந்த மானத்தையும் அறிவையும் பேசுகின்றன. ஈரலையும் நரம்பையும் பற்றிப் பேச வேண்டிய அளவுக்கு மது அப்போது அடர்த்தியாக இல்லை.

அதற்காகக் கள்ளைச் சத்துணவாக்கிப் பேசுவதும் சரியல்ல. ஒரு லிட்டர் கள்ளில் ஏறக்குறைய 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அன்றாடம் இரண்டு லிட்டர் குடிப்பவரின் ஈரலுக்கு அது மரத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்ற வேறுபாடு தெரியாது. ஆயினும் அந்த அளவை எட்ட வயிறு நிறைய வேண்டும், நேரமும் வேண்டும். காய்ச்சி வடித்த மதுவுக்கு அந்தத் தடை இல்லை.

காய்ச்சி வடிப்பது தமிழகத்துக்குப் புதிதாக வந்த கலை அல்ல. வெல்லக் கரைசலில் வேலம்பட்டையை இட்டு ஊறல் போட்டு, நொதித்த பின் காய்ச்சி இறக்கும் பட்டைச் சாராயம் ஊர்தோறும் தெரிந்த ஒன்று. ஆனால் அதை ஒரு பெருந்தொழிலாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனியும் அதைத் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆட்சியும்தான். கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குச் சாராயம் படியாகவே அளக்கப்பட்டது. பொதுமக்களுக்கான விற்பனை உரிமை ஏலம் போனது. எடுத்த குத்தகைதாரர் முதலை மீட்க வேண்டுமானால் விற்பனையைக் கூட்டியாக வேண்டும். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுத் தீர்வை) சட்டம் இந்த ஏற்பாடுகளை ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி, ஒவ்வொரு கடைக்கும் ஏலம், சாராயத்துக்கு வலிமைக்கேற்ற தீர்வை. இவற்றை வசூலிக்க உப்பையும் மதுவையும் ஒன்றாகக் கவனிக்கும் துறை ஒன்று இயங்கியது.

வரி வசூலிப்பவரின் கண்ணில் கள்ளும் சாராயமும் ஒன்றல்ல. லட்சக்கணக்கான மரங்களில் ஆளுக்கொரு கலயமாகத் தொங்கும் மதுவை எண்ணிக் கணக்கெடுப்பது பெரும்பாடு. ஆலையில் வடிக்கும் சாராயத்தை ஒரே வாசலில் நின்று அளந்துவிடலாம். நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலையோடு சேர்ந்த வடிசாலை போன்றவை இந்த ஏற்பாட்டுக்கு வசதியாக இருந்தன: கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகே சாராயத்துக்கு மூலப்பொருள். எளிதில் அளக்கக்கூடிய மதுவே அரசுக்கு உகந்த மது என்ற நிலை அப்போது உருவானது. நூறாண்டு கழித்து ஆட்சியும் கொடியும் மாறிய பிறகும் இந்த விருப்பம் மாறவில்லை.

இதே காலத்தில் தமிழர்கள் கூலிகளாகப் போன மலாயாத் தோட்டங்களிலும் கள்ளுக்கடை தோட்ட நிர்வாகத்தின் அமைப்பில் ஓர் உறுப்பானது. தோட்டத்துக்குள்ளேயே கடை, சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தனர். 1947இல் அந்த இயக்கம் போலீஸ் அடக்குமுறையில் முடிந்தது.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு அரசியல் கோரிக்கையானது ஒத்துழையாமை இயக்கத்தோடு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் சிறை சென்றபின் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தனர். சேலம் அருகே தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்ததும் இந்தக் காலத்தில்தான். (பின்னாளில் அவரே மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக விமரிசித்தார் என்பதும் வரலாறு.) திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, குடியின் கேட்டைச் சொல்வதற்கென்றே ‘விமோசனம்’ என்ற மாத இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். படமும் கதையுமாக வந்த அந்த இதழில் மருத்துவம் குறைவு, குடும்பம் அதிகம்: பசித்த குழந்தை, அடிபட்ட மனைவி, அடகு போன பாத்திரம். குடியின் பாதிப்பை முதலில் அறிந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், வீட்டிலிருந்த பெண்கள் என்ற வகையில் அந்த அணுகுமுறை தவறானதும் அல்ல.

1937இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற ராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த ஈராண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்கள் சேர்ந்தன. மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு ஆப்காரியிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. மதுவை விலக்குவதற்காக வந்த அந்த வரி, மது திரும்பி வந்த பிறகும் போகவில்லை. உலகப்போர்க் காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1946 முதல் மீண்டும் படிப்படியாக விரிந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது. அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆவது கூறும் மதுவிலக்கை ஊட்டச்சத்து, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து, மருத்துவத் தேவைக்கு மட்டும் விலக்களித்தது. உடல்நலம் என்ற காரணம் சட்டத்தின் வாசகத்துக்குள் நுழைந்தது.

முழு மதுவிலக்கின் ஆண்டுகளில் கிராமத்துக் குடும்பங்கள் பலவற்றில் கையில் காசு தங்கியது. அன்றாடம் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பெரும்பாலோர் நிறுத்தினார்கள் அல்லது குறைத்தார்கள். பனையேறிகளின் பிழைப்பு மட்டும் அடிபட்டது. அவர்களைக் கருப்பட்டிக்குத் திருப்பும் கூட்டுறவுத் திட்டங்கள் ஓரளவே ஈடு செய்தன. மறுபக்கம், நிறுத்த முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு: காட்டிலும் மலையிலும் ஊறல் போட்டுக் காய்ச்சிய கள்ளச்சாராயம், நகரத்தில், குடிப்பதற்கென்று செய்யப்படாத ஆனால் ஆல்கஹால் உள்ள சரக்குகள். மருந்துக்கடையின் இஞ்சி டிங்சர், தச்சர்கள் மரச்சாமானுக்குப் பளபளப்பு ஏற்றப் பயன்படுத்தும் வார்னிஷ் எனப்படும் பிரெஞ்சு பாலிஷ். இவற்றைக் கட்டுப்படுத்த அரசு 1959இல் போட்ட விதிகளின் பெயரே, தன்மை மாற்றிய எரிசாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது. ஒரு மாநிலத்தின் மதுவிலக்கு விதிகளில் மரச்சாமான் மெருகுக்கு இடம் கிடைத்ததிலிருந்தே அந்தக் காலத்தின் குடி எங்கே போயிருந்தது என்று விளங்கும்.

வார்னிஷ் குடித்தவர்கள் செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் மெத்தனால். கள், சாராயம், பிராந்தி எல்லாவற்றிலும் போதை தருவது எத்தனால். மெத்தனால் அதன் உடன்பிறப்பு போன்றது, நிறம், மணம், எரிச்சல் ஆகியவற்றில் வேறுபாடு காண்பது கடினம். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது, விலை குறைவு. நன்றாக ஊறிய வெல்ல ஊறலைக் காய்ச்சினால் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் அதில் வராது. கூட்டமாகச் சாவு விழும் இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் ஆலை மெத்தனாலைக் கொண்டுவந்து கலந்திருப்பார். காய்ச்சுவதற்கு அடுப்பும் விறகும் நாள்கணக்கும் வேண்டும், புகை காட்டிக்கொடுக்கும். கேன் மெத்தனாலுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். காவல்துறை ஊறல்களை அழிக்க அழிக்க, சில வியாபாரிகள் அடுப்பை விட்டுக் கேனுக்கு மாறினார்கள் என்பது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

மெத்தனால் உள்ளே போனவுடன் கொல்வதில்லை. ஈரலில் எத்தனாலை உடைக்கும் அதே நொதிதான் இதையும் உடைக்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது, ரத்தம் அமிலமாகிறது, ஆற்றல் அதிகம் தேவைப்படும் பார்வை நரம்பும் மூளையின் சில பகுதிகளும் முதலில் சாகின்றன. குடித்துப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை வழக்கமான போதைக்கு மேல் எதுவும் தெரியாது. பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல். கண்முன் வெள்ளையாகப் பனி மூடியதுபோல் தெரிகிறது என்பார்கள். பத்து மில்லிலிட்டர் தூய மெத்தனால் ஒருவரின் கண்ணைப் பறிக்கப் போதும். சாராயத்தில் எத்தனாலும் கலந்திருந்தால் அறிகுறிகள் இன்னும் தள்ளிப்போகும், ஏனெனில் ஈரல் முதலில் எத்தனாலைத்தான் கவனிக்கும். மருத்துவமும் இந்தப் பலவீனத்தையே பயன்படுத்துகிறது: மருத்துவமனையில் அளந்து எத்தனால் கொடுத்தோ, ஃபோமெபிசோல் என்ற மருந்து கொடுத்தோ அந்த நொதியை வேறு வேலையில் மடக்கிவைத்து, டயாலிசிஸ் மூலம் மெத்தனாலை வெளியேற்றுகிறார்கள். அமிலம் உருவாகிவிட்ட பிறகு வந்தவருக்கு இது அவ்வளவாகப் பலிக்காது. சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைக்குத் தாமதமாக வருபவர்கள் அதிகம் சாவதற்கு இந்த இடைவெளியே காரணம்.

இருபத்துமூன்று ஆண்டு மதுவிலக்கு 1971 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. மு. கருணாநிதியின் அரசு சொன்ன முதற்காரணம் நிதி. மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மத்திய அரசு இழப்பீடு தர முன்வந்தபோது, ஏற்கெனவே விலக்கியிருந்த தமிழ்நாட்டுக்கு அது கிடைக்கவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி முதல்வரை நேரில் சந்தித்து வேண்டாமென்று கேட்டும் பயனில்லை. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்தன. மதுவை நேரில் பார்க்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை அப்போது இளமைப் பருவத்தில் இருந்தது. அந்தத் தலைமுறைக்கு முதல் அறிமுகம் கள்ளைவிடச் சாராயத்தில்தான் அதிகம் நிகழ்ந்தது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974 செப்டம்பரில் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மூன்றாண்டில் பழகிய வழக்கம் கடை மூடியதோடு மறையவில்லை. எழுபதுகளின் நடுவில் சென்னையில் வார்னிஷ் சாவுகள் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் வந்தன. திறந்து பழக்கிவிட்டுச் சட்டென்று மூடுவது, ஒருபோதும் திறக்காமல் இருப்பதைவிட ஆபத்தானது என்பதற்கு அந்த ஆண்டுகளைவிட நல்ல சான்று கிடைக்காது.

1981 மே மாதம் எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் மறுபடி அனுமதித்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்கென்று நிறுவப்பட்டது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. மிஞ்சியது ‘இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது’ என்ற விசித்திரமான பெயர் கொண்ட பிராந்தி, விஸ்கி, ரம் வகை, கூடவே பீர். பெயரில்தான் அயல்நாடு, அடிப்படையில் இது கழிவுப்பாகில் வடித்த எரிசாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியது. 1990இல் வந்த மலிவு விலை மது அடுத்த ஆண்டே ஜெயலலிதா ஆட்சியில் நிறுத்தப்பட்டது. 2001இல் பண்ருட்டிப் பகுதியில் விஷச்சாராயம் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் தனியுரிமையானது. ஏலம் எடுத்த தனியார் கடைகள் போய், அரசு ஊழியர் மது விற்கும் கடைகள் வந்தன. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு மூவாயிரம் கோடி ரூபாய் அளவில் இருந்த வருவாய், 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டியது.

இந்த ஏற்பாட்டின் அளவுகோல் குவார்ட்டர். 180 மில்லிலிட்டர் புட்டி, லேபிளில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதில் சுமார் 61 கிராம் தூய ஆல்கஹால். உலகச் சுகாதார நிறுவனம் ‘ஓர் அளவு’ என்று சொல்வது 10 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. ஒன்றரை லிட்டர் கள்ளுக்குச் சமம். இருவர் பங்குபோடும் கட்டிங் கூட மூன்று அளவு. ஈரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். மாலையில் கடை வாசலிலேயே பத்து நிமிடத்தில் கவிழ்த்த குவார்ட்டரை உடல் நள்ளிரவு தாண்டியும் எரித்துக்கொண்டிருக்கும். வெறும் வயிற்றில், தண்ணீர் பாக்கெட்டைக் கிழித்துக் கலந்து, நின்றபடி குடித்துவிட்டுப் போகும் பழக்கம் இந்தப் புட்டி அளவோடு சேர்ந்து வளர்ந்தது. ரசித்துக் குடிப்பது, கூடிக் குடிப்பது என்பதெல்லாம் அங்கே இல்லை. போதைதான் வாங்கப்படும் பொருள்.

மெத்தனால் ஒரே இரவில் ஒரு தெருவைச் சாய்த்தால் செய்தியாகிறது. குவார்ட்டர் அப்படிச் செய்வதில்லை. பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. நாள்தோறும் அதிகம் குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் ஈரலில் கொழுப்பு படிகிறது. வலி இல்லை, குடியை நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகிவிடும் நிலை அது. தொடர்ந்தால் ஈரல் அழற்சி, மஞ்சள் காமாலை. அதற்கும் மேல் போனால் ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ். நெடுநாள் மிகையாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒருவர் இருவர் இந்த நிலையை அடைகிறார்கள். சுருங்கிய ஈரல் வழியாக ரத்தம் ஓட முடியாமல் உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன; ரத்த வாந்தி எடுத்து நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்கு வரும் நாற்பது வயது ஆண்களின் கதை பெரும்பாலும் இதுதான். வயிற்றில் நீர் கோத்து ‘மகோதரம்’ என்று ஊரில் சொல்லப்படும் நிலையும் இதன் பின்விளைவே. கணையம் அழன்றால் தாங்கமுடியாத வயிற்றுவலியும் பிற்பாடு சர்க்கரை நோயும் வரும். பெண்களின் உடலில் இதே சேதம் குறைந்த அளவிலேயே தொடங்கிவிடுகிறது. கருவுற்றிருக்கும்போது குடித்தால் கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களோடு மதுவுக்கு உள்ள தொடர்பு உறுதிப்பட்டது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது 1988இல். டாஸ்மாக் நிறுவி ஐந்தாண்டு ஆகியிருந்தது.

மூளைக்கு நேரும் சேதத்தில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. குடிப்பவர் சாப்பிடுவது குறைவு. சாப்பிட்டாலும் மது, தயமின் எனப்படும் பி1 வைட்டமினைக் குடல் உறிஞ்சவிடாது. வெள்ளை அரிசியில் அது ஏற்கெனவே குறைவு. தயமின் வற்றினால் கண்பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். போதை தெளியவில்லை என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நிரந்தர மறதி வந்து சேரும். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும் என்பது அவசரப் பிரிவு மருத்துவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று.

குடியை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பதிலிருந்து நோயாகப் பார்ப்பதற்கு மாறுவது தமிழ்நாட்டில் மெதுவாகத்தான் நடந்தது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இதில் முன்னோடி. நச்சு நீக்கத்தோடு நின்றுவிடாமல் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் அழைத்தது அதன் தனித்தன்மை. தஞ்சைப் பகுதியில் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு ஊரையே பொறுப்பாக்கும் முறையையும் நடத்திப் பார்த்தது. பிற்காலத்தில் மாவட்டங்களில் மறுவாழ்வு மையங்கள் பெருகின. தரம் ஒன்றுபோல் இல்லை. கட்டிவைத்து அடிப்பதையே சிகிச்சை என்று நடத்திய இடங்களும் உண்டு.

அடிமைத்தனம் என்பது உடலில் நடக்கும் ஒன்று என்பதை 2020ஆம் ஆண்டு ஊரடங்கு மிகக் கொடூரமாகக் காட்டியது. மார்ச் 24ஆம் தேதி மாலை டாஸ்மாக் கடைகள் மூடின. மே மாதம்தான் திறந்தன. நெடுநாள் குடித்த மூளை, மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அந்த முறுக்கு அவிழ்ந்து வெளிப்படும்: ஆறு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, ஓரிரு நாளில் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாளில் ஜன்னி. இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்வதாகத் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, காய்ச்சல் ஏறும். சிகிச்சை இல்லையென்றால் உயிர் போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் டயசிபாம் வகை மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் இதைக் கடந்துவிடலாம். ஆனால் அந்த வாரங்களில் மருத்துவமனையைத் தேடியவர்களைவிட மாற்றைத் தேடியவர்களே அதிகம். செங்கல்பட்டுப் பகுதியில் வார்னிஷையும், புதுக்கோட்டைக் கடற்கரையில் சவரத்துக்குப் பின் பூசும் திரவத்தையும் குடித்துச் சிலர் இறந்தனர். ஐம்பதுகளின் பட்டியல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

கடைகளைக் குறைக்கும் முயற்சிகள் இதற்கு முன்பே நடந்தன. 2015 ஜூலை 31ஆம் தேதி, மதுவிலக்குக் கேட்டுப் போராடிவந்த காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடும்போது உயிரிழந்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் மதுவிலக்கு முக்கியக் கட்சிகள் பலவற்றின் வாக்குறுதியானது. 500 கடைகள் மூடப்பட்டன. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் மூடின. அவற்றில் பல ஊருக்குள் இடம்பெயர முயன்றபோது, கைக்குழந்தையோடு பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். 2023 ஜூனில் இன்னும் 500 மூடியபின் எண்ணிக்கை 4,829 ஆனது. விற்பனை வருவாய் அதற்கேற்பக் குறையவில்லை.

அதே 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் அது இன்னும் பெரிதாக நிகழ்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர். அரசுக் கடை நடக்கும் ஊரில் பாக்கெட் சாராயம் ஏன் விற்றது என்ற கேள்விக்கு விடை விலையில் இருக்கிறது. பாக்கெட், குவார்ட்டர் விலையில் பாதிகூட இல்லை. விடியற்காலையிலும் கிடைக்கும், டாஸ்மாக் நண்பகலில்தான் திறக்கும். விழித்தவுடன் கைநடுங்கும் தினக்கூலிக்கு அந்த ஆறு மணி நேரம் மிக நீளமானது. மதுவின் விலையை ஏற்றினால் நுகர்வு குறையும் என்பது உலகம் முழுவதும் நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆனால் பக்கத்திலேயே மலிவான கள்ளச் சரக்கு கிடைக்கும் இடத்தில், ஏற்கெனவே அடிமைப்பட்டவரை அதே விலையேற்றம் அங்கே தள்ளிவிடுகிறது. இருபது ஆண்டு வருவாய்க் கணக்கில் இந்தப் பிரிவினருக்கான சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது மிகச் சொற்பம்.

கருணாபுரம் சம்பவம் நடந்து பத்து நாளில் சட்டமன்றம் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று தண்டனை உயர்ந்தது. குடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. கள்ளுக்கான தடையை நீக்கக் கோரி விவசாயிகள் சங்கங்கள் நடத்தும் போராட்டம், 42.8 விழுக்காட்டு மது அரசே விற்கும்போது 5 விழுக்காட்டுக் கள்ளுக்கு ஏன் சிறை என்ற கேள்வியோடு தொடர்கிறது. கேரளமும் புதுச்சேரியும் கள்ளை அனுமதிக்கின்றன. அங்கேயும் மற்ற மதுக்கள் கூடவே விற்கின்றன. சில மாநிலங்களில் கள்ளில் மயக்க மாத்திரைகளைக் கரைத்து விற்கும் கலப்படமும் நெடுநாளாக நடக்கிறது.